மாப்பிள்ளைக்குப் பின்னால் இருந்த மங்கல்

எனக்கு வயது அறுபத்தெட்டு. வளர்த்தது ஏழு பேர். அதில் பெற்றது ஐந்து, மைத்துனன் விட்டுப்போனது இரண்டு. ஏழு பேரும் இன்று நல்லபடியாக இருக்கிறார்கள் என்றால் அது என்னால்தான். பங்கு கேட்டு யாரும் வர வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரைக்கும் உட்கார்ந்தேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் முடிய ஒரு பொழுது ஆகும். ஆகட்டும்.

போன மாதம் மலை மேல் இருக்கிற சித்திரபுரம் போய் வந்தேன். சித்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு அது வெளிதேசம்தான். இரண்டும் ஒரே மலையாள ராஜ்யம் என்று கவர்மென்ட் சொல்கிறது, சொல்லட்டும். எந்தப் பஸ், எத்தனை மணிக்கு, எங்கே மாறி ஏறினோம் என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. போன காரியத்தை எழுதுகிறேன்.

என் பெரிய மகனின் மகள் ருக்மணிக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் நடராசன். எங்கள் சனம்தான். அவன் அப்பா காலத்தில் கரண்டு வேலைக்காக மலை ஏறியவர்கள், அந்த வேலைக்காரர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டிலேயே இன்னும் இருக்கிறார்கள். பையனுக்கும் கம்பத்தில் ஏறி லைன் பார்க்கிற வேலை. வயது இருபத்தாறு என்று சொல்லி ஒரு போட்டோ அனுப்பியிருந்தார்கள்.

அந்தப் போட்டோதான் என்னைக் கிளப்பியது. இடுப்புக்கு மேல் மாப்பிள்ளை. மீசை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். சட்டைப் பொத்தானில் இருக்கிற நாலு துளையும் தெரிகிறது. ஆனால் அவன் தோளுக்குப் பின்னால் இருக்கிற வீடு, ஈரத்துணியால் துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. அந்த மங்கலுக்குள் இரண்டு உருவம். வெளுப்பாக ஒன்று, குனிந்த வாக்கில். அதன் காலடியில் கறுப்பாக, தாழ்வாக இன்னொன்று. கண்ணாடி போட்டும் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். ஒரு பொம்பளையும் ஒரு பிள்ளையும். வேறு என்னவாக இருக்கும்?

நாங்களும் ருக்மணி படம் அனுப்பியிருந்தோம். என் சின்ன மகன் சுப்பிரமணி கோயமுத்தூரில் மில் வேலையில் இருக்கிறான். கைக்குள் அடங்குகிற கேமரா ஒன்று வைத்திருக்கிறான். ருக்மணியைக் கிணற்றடியில் நிறுத்தி எடுத்தான். அதில் அவளும் தெளிவு, கிணறும் தெளிவு, மாட்டுக்கொட்டாயும் தெளிவு, அதற்கும் பின்னால் தென்னையில் இருக்கிற காயும் தெளிவு. அந்தப் படத்தை வீட்டுக்கு வந்தவர்களிடம் எல்லாம் காட்டியிருக்கிறேன். எங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. கேமரா என்றால் முன்னால் இருப்பதைப் பிடித்துப் பின்னால் இருப்பதை விட்டுவிடுமா? யாரோ வேண்டுமென்றேதான் அழித்திருக்கிறார்கள்.

"சாமி, இதென்றா பொறத்தால?" என்று சின்னவனிடம் கேட்டேன்.

"சில கேமராவுல அப்பிடித்தாம்மா வரும்."

"ஏன் வரும்?"

"எனக்கு அமுக்கத்தாம்மா தெரியும்."

ருக்மணி அந்தப் போட்டோவை வாங்கித் தன் ப்ரீ டிகிரிப் புத்தகத்துக்குள் வைத்தாள். மறுநாள் புத்தகத்தைத் திறந்தாள். அதற்கு மறுநாளும் திறந்தாள். பரீட்சை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இவள் மனசு போன இடத்தில் ஏற்கெனவே ஒருத்தி பிள்ளையோடு இருந்தால் என்ன செய்வது? பெரியவன் எதையும் விசாரிக்க மாட்டான். சரி என்றால் சரி, இல்லை என்றால் இல்லை, ஒரே சொல். அதனால் வீடு பார்க்க நானே போவது என்று சின்னவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டேன்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்களில் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், சம்மதம் ஆகும்வரைக்கும் அங்கே கை நனைக்க மாட்டோம். தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். அப்படி உட்காரும்போது முதலில் கை நனைப்பது வந்தவர்களில் மூத்த ஆள். ஆகவே ஒரு தூக்குப்போசி நிறையப் புளிச்சோறும் ஒரு டப்பா கச்சாயப் பலகாரமும் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

முதல் நாள் முழுக்கப் பஸ். மலை ஏறத் தொடங்கியதும் வண்டி முக்கியது. முன்பக்கம் ஆவி பறந்தது. எல்லாரும் இறங்கி அடுத்த வளைவு வரைக்கும் நடக்க வேண்டும் என்று கண்டக்டர் மலையாளத்தில் சொன்னார். சித்தூர்க்காரிக்கு மலையாளம் தெரியாதா? எல்லாரும் இறங்கினார்கள். நான் இறங்கவில்லை. பையை உள்ளே வைத்துவிட்டு நான் நடப்பதும், பையோடு வண்டி போய்விடுவதும் என்னிடம் நடக்காது.

"அம்மச்சி, வண்டி இழுக்காது, இறங்குங்க" என்று கண்டக்டர் தமிழுக்கு மாறினார்.

"இத்தன பேரு எறங்கியாச்சு. என்ற ஒரு ஆளு கனத்துலயா நிக்கப் போகுது?"

டிரைவர் திரும்பிப் பார்த்து மலையாளத்தில் கண்டக்டரிடம் ஏதோ சொன்னார். 'அந்த அம்மா அங்கேயே இருக்கட்டும், பின்னால் கொஞ்சம் பாரம் இருந்தால் சக்கரம் வழுக்காது' என்று அர்த்தம். கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குப் புரியாத மாதிரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன். வளைவில் ஏறிய எல்லாரும் தூறலில் நனைந்திருந்தார்கள். நான் நனையவில்லை.

பக்கத்து சீட்டில், கம்பளியைத் தலையோடு போர்த்திய ஒரு எஸ்டேட்டுப் பொம்பளை. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கை இலையில் விரித்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

"யாரு வீட்டுக்குப் போறீக?"

"சொந்தக்காரங்க ஊட்டுக்கு."

"எந்த வீடு? பேரச் சொன்னா எறங்குற எடம் சொல்லுவேன்லா."

பேர் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம் எல்லாம் சொன்னால் நமக்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஒளிக்க வேண்டியதை ஒளிக்க நேரம் கிடைத்துவிடும். அவள் இறங்கிப் போன பிறகு பார்த்தால், சின்னவன் அவள் கிழங்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். பேர், ஊர், காரியம் எல்லாம் சொல்லி முடித்திருக்கிறான்.

பஜாரில் ஒரு சாயாக்கடைக்கு மேல் அறை பிடித்தோம். படுக்கை விரிப்பு ஈரமா குளிரா என்று கையால் கண்டுபிடிக்க முடியவில்லை. கீழே இருந்து பால் இல்லாத கறுப்புச் சாயா வந்தது. மாடு இருக்கிற ஊரில் இதை விருந்தாளிக்குக் கொடுத்தால் சண்டை வரும். இங்கே கட்டன் என்று பேர் வைத்துக் கூச்சம் இல்லாமல் கொடுக்கிறார்கள்.

இரண்டாம் நாள் காலையில் புட்டு. குழாயில் அடைத்து அவித்தது. மேலே தெரிவது தேங்காய், உள்ளே என்ன என்று உடைத்துப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. வெளியே வந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. எங்கள் பக்கம் பச்சை என்றால் நாலு மாதத்தில் சோறு. இங்கே அவ்வளவும் தேயிலை, தின்ன முடியாத பச்சை. ஒரு களம் இல்லை, ஒரு வைக்கோல்போர் இல்லை. நெல்லைக் கடையில் அரிசியாகத்தான் பார்க்கிறார்கள்.

மாப்பிள்ளை வீடு ஒரு வரிசையில் நாலாவது. எல்லா வீடும் ஒரே அச்சு. அப்பா ராமசாமியும் அம்மா வள்ளியம்மாளும் வாசலுக்கு வந்தார்கள்.

"வாங்கோ, வாங்கோ. குளுரு தாங்குதுங்களா?"

"இருக்கட்டுங்க" என்று உள்ளே போனேன். போகிற போக்கில் கொடியில் கிடந்த துணியை எண்ணினேன். பெரியவர்கள் துணிதான். பிள்ளைத் துணி இல்லை. எடுத்து ஒளித்திருப்பார்கள். காப்பி கொண்டுவந்தார்கள். தொடவில்லை. வழக்கம் தெரிந்தவர்கள், வற்புறுத்தவில்லை. பையன் வந்து வணங்கினான். போட்டோவில் இருந்த அதே மீசை.

"ஏந்தம்பி, வயசு என்னாச்சு?"

"இருபத்தாறுங்க."

உடனே சொன்னான். மனப்பாடம் செய்தவனும் உடனேதான் சொல்வான்.

வந்தவர்களோடு சேர்ந்து ஒரு படம் எடுக்கலாம் என்று ராமசாமி ஸ்டுடியோக்காரரை வரவழைத்திருந்தார். பெயர் ஞானமுத்து. ஐம்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பேச்சு. அவரைப் பார்த்ததும் ராமசாமி அவசரமாகக் கொல்லைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். நான் அவரைக்காய்ப் பந்தல் பார்க்கிற மாதிரி சுவரோரமாக நடந்தேன்.

"முப்பத்தஞ்சப் பத்தி அவங்க முன்னால பேச்செடுத்துராதீங்க" என்றது ராமசாமி குரல். "அதுல பின்னால இருக்கறதெல்லாம் அப்பட்டமாத் தெரியுது."

"நான் ஏன் பேசப் போறேன்? நூத்தியிருபதத்தான அனுப்பியிருக்கிய. அதுல ஒண்ணும் தெரியாதுலா" என்றது ஸ்டுடியோக்காரர் குரல்.

முப்பத்தைந்து. அப்படியானால் இருபத்தாறு என்பது பொய். முப்பத்தைந்து வயதுக்காரன் என்று தெரிந்தால் பின்னால் இருக்கிற கதையெல்லாம் வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். நூற்றிருபது என்பது என்ன? அது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

உள்ளே வந்து பையனின் காதோரத்தைப் பார்த்தேன். நரை இல்லை. சாயம் போட்டிருப்பான். படத்துக்கு நிற்க மாட்டேன், தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டுச் சின்னவனோடு கிளம்பிவிட்டேன்.

தலை சுற்றவில்லை. நேரே ஸ்டுடியோவுக்குத்தான் போனேன். ஞானமுத்து அப்போதுதான் வந்து பையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, சாமிக்குப் பொதுவாச் சொல்லுங்க. அந்தப் பையனுக்கு வயசு முப்பத்தஞ்சா?"

அவர் என்னைப் பார்த்தார், சின்னவனைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்தினார்.

"ஆச்சி, அது வயசு இல்ல. பிலிமு. முப்பத்தஞ்சுங்கது சின்னது. நூத்தியிருபதுங்கது பெருசு. நாங்க அளவுக்கு இப்பிடித்தான் பேர் சொல்லுவோம்."

என் உள்ளங்கையில் இரண்டு பிலிம் துண்டு வைத்தார். ஒன்று தபால்தலையைவிடச் சற்றுப் பெரிது. இன்னொன்றில் அந்த மாதிரி மூன்றரை வைக்கலாம்.

"பெரிய சட்டியில அதிகந்தான புடிக்கோணும்? பிலிமு பெருசானா பொறத்தால இருக்கறது ஏனுங்க அழியுது?"

"நல்லாக் கேட்டிய. ஒரே எடத்துல நின்னு ஒரே ஆள எடுக்கேன்னு வைங்க. பெரிய பிலிமு நெறைய அவன் விழணும்னா லென்ஸு நீளமானதா வேணும். சின்ன பிலிமுக்குக் குட்டை லென்ஸு போதும். நீள லென்ஸு ஒரு தூரத்தத்தான் உத்துப் பாக்கும். அதுக்கு முன்னாடி பின்னாடி உள்ளது கலங்கிரும். குட்டை லென்ஸுக்கு அந்தக் கறார் இல்ல. எல்லாத்தையும் சேத்து வச்சுக்கிடும்."

"கண்ணால பாக்காம நம்ப மாட்டனுங்க."

அவர் பெரிய கேமராவை மேசையில் வைத்து மேல்மூடியைத் திறந்தார். கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி குனிந்து பார்த்தேன். அடியில் ஒரு கண்ணாடி. அதில் தெருவும் எதிர்ச் சாயாக்கடையும் சின்னதாக அசைந்தன. கடைக்காரர் வலது கையை உயர்த்திச் சாயா ஆற்றுகிறவர். கண்ணாடியில் இடது கை.

"இது பொய் சொல்லுதுங்களே."

"இடம் வலம் மட்டும் மாறும் ஆச்சி, வேற பொய் சொல்லாது. இப்பம் பாருங்க."

சின்னவனை வாசலில் நிற்க வைத்துப் பக்கவாட்டில் இருந்த திருகைத் திருப்பினார். சின்னவன் கண் இமை வரைக்கும் தெளிந்தான். கடைக்காரர் சாம்பல் புகையாகிப் போனார். திருகை மறுபக்கம் திருப்பினார். கடைக்காரர் கையில் இருக்கிற சாயாக் கோடு தெளிந்தது; என் மகன் கலங்கிப் போனான். நானே திருகை வாங்கித் திருப்பினேன். ஆறேழு தடவை திருப்பினேன். யாரும் எதையும் அழிக்கவில்லை. ஆட்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள், தெரிவதும் தெரியாததும் மட்டும் மாறுகிறது.

"அன்னைக்குப் பனிமஞ்சு மூடிக் கெடந்துச்சு. வெளிச்சம் பத்தாம லென்ஸு ஓட்டையையும் முழுசாத் தெறந்துட்டேன். அதுவும் ஒரு காரணம். ஒங்க ஊரு வெயில்ல ஓட்டையச் சுருக்கி எடுத்தா இதுலயும் இவ்வளவு கலங்காது."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். "அப்போ பிலிமு காரணமா, ஓட்டை காரணமா? ஒண்ணச் சொல்லுங்க."

"ரெண்டுந்தான்" என்று சொல்லிவிட்டு மேசை டிராயரில் இருந்து இரண்டு படம் எடுத்தார். அவர் மச்சினன் இதே வாசலில் நிற்கிறான். ஒரே நாள், ஒரே இடம், ஒரே அளவு ஓட்டை என்றார். பெரிய பிலிமில் எதிர்க்கடைப் பலகை வெறும் கறை. சின்ன பிலிமில் எழுத்தைக் கூட்டிப் படிக்க முடிந்தது. நான் கூட்டிப் படித்தேன்.

நம்பினேன். ஆனால் நம்பியதும் வேறு ஒரு முள் குத்தியது.

"சரிங்க. அன்னைக்கு அவங்க ஊட்ல சின்ன பிலிமுலயும் ஒண்ணு எடுத்திருக்கீங்க. அதக் காட்டக் கூடாதுன்னாங்களே. அதுல என்ன தெரியுது?"

ஞானமுத்து இரண்டு படத்தையும் டிராயருக்குள் வைத்து மூடினார். "அது அவுக வீட்டுப் படம். அவுக சொல்லாம நான் எடுத்துத் தரக் கூடாது ஆச்சி."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் என் வீட்டுப் படத்தை வேறு யாராவது கேட்டால் அவர் இப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைப்பேன். அறைக்குத் திரும்பிப் புளிச்சோறு தின்றோம். கேமரா அழிக்கவில்லை. ஆனால் தெளிவான படம் ஒன்று கையில் இருக்கும்போது மங்கலானதைப் பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். இது கேமரா செய்கிற வேலை இல்லை.

மூன்றாம் நாள் சின்னவனை வாசலில் விட்டுவிட்டு, நேராக வள்ளியம்மாளின் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"ஏனுங்க, அந்த முப்பத்தஞ்சுல எடுத்த படத்தக் கொஞ்சம் காட்டுங்கோ."

அவள் அரிவாள்மணையில் இருந்து எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். 'எந்தப் படம்' என்று கேட்கவில்லை. அரிசி டின்னுக்கு அடியில் இருந்து ஒரு உறையை எடுத்துக் கொடுத்தாள்.

முன்னால் நடராசன், அதே சட்டை. பின்னால் வீட்டு வாசல்படி. வெளுப்பாகக் குனிந்திருந்தது வள்ளியம்மாள்தான், கையில் கரண்டியோடு. காலடியில் கறுப்பாக இருந்தது பிள்ளை இல்லை. கறுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு ஆள், இந்த வீட்டுப் பித்தளைத் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறான். பக்கத்தில் இந்த வீட்டுச் சொம்பு.

"யாருங்க இது?"

"செல்லையனுங்க. நடராசனோட லைன் வேலை பாக்கறவன். அடுத்த ஊடு. பத்து வருசமா மத்தியானச் சோறு இங்கதான்."

"நம்ம சனமுங்களா?"

"இல்லீங்க" என்று எந்தச் சனம் என்று சொன்னாள். எங்கள் காடு கழனியில் வேலை செய்கிற சனம்.

மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"இத ஏனுங்க மறைச்சீங்க?"

வள்ளியம்மாள் அந்த உறைக்குள் இருந்து இன்னொரு படத்தை எடுத்தாள். எங்கள் ருக்மணி, கிணற்றடியில்.

"இதப் பாத்துத்தானுங்க" என்று விரல் வைத்தாள். ருக்மணி மேல் இல்லை. பின்னால், மாட்டுக்கொட்டாய்ச் சுவரில். மூங்கில் குச்சி சொருகி மூன்று தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து வைத்திருக்கிறது. காட்டு வேலை ஆட்கள் வந்தால் அதில்தான் தண்ணீர் ஊற்றுவோம்.

அந்தப் படத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூட அதைப் பார்த்ததில்லை.

"எல்லாரு ஊட்லயும் இருக்கறதுதானுங்களே" என்றேன்.

"ஆமாங்க. என்ற மாமியார் ஊட்லயும் இருந்துச்சு. அதனாலதான் பொண்ணு மூஞ்சிக்கு முன்னால என்ற கண்ணு அங்க போச்சு. செல்லையன் இருக்கற படத்தப் பாத்தா நீங்க வர மாட்டீங்கன்னு தோணுச்சு. நடராசனுக்குப் பொண்ணப் புடிச்சுப் போச்சுங்க. மங்கலா வந்ததையே அனுப்பச் சொன்னது நான்தான். அவனுக்குத் தெரியாது." அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளினாள். "தப்புதானுங்க. கேட்டீங்க, காட்டிட்டேன். ஒண்ணு சொல்லிடறேன். செல்லையன வர வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். வர்ற மருமகளும் அவனுக்கு இதே தட்டுல சோறு போடோணும்."

என்னைக் கண்டு ஒருத்தி பயந்திருக்கிறாள். சந்தேகம் பிடித்துக்கொண்டு மலை ஏறியது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அவள் எனக்கு முன்னாலேயே பிடித்துவைத்திருக்கிறாள்.

அதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. நடராசனும் செல்லையனும் வேலையில் இருந்து வந்தார்கள். செல்லையன் படத்தில் இருப்பதைவிட உயரம்.

"வாங்க பெரியம்மா, எங்க ஊரு குளுரு ஒங்களக் கடிச்சுதா?" என்றான். பிறகு நடராசனைப் பார்த்து, "ஏ மாப்ள, மூஞ்சி ஏன் பீஸு போன பல்பு மாதிரி இருக்கு? பொண்ணு வீட்டுக்காரங்கதான வந்திருக்காக, போலீஸா வந்திருக்கு?"

"வாய மூடிட்டு ஒக்காரு" என்றான் நடராசன்.

தட்டு போட்டார்கள். முட்டைக்கோசுப் பொரியல், பருப்பு, நெய். இரண்டு நாளாகப் பழைய புளிச்சோறு தின்ற வயிற்றுக்கு அந்த மணம் போதும். ஒரு தட்டு செல்லையனுக்கு. அவன் பக்கத்தில் ஒரு தட்டுக்கு முன்னால் என் சின்ன மகன் உட்கார்ந்துவிட்டான். கண்ணால் சைகை காட்டினேன். அவன் பருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை நனைத்துவிட்டான். இரண்டாம் தரமும் வாங்கினான்.

வீடே என்னைப் பார்த்தது. மூத்த ஆள் நான்.

"முடிவாகாம கை நனைக்கக் கூடாதுங்களே. சின்னவன் தெரியாம ஒக்காந்துட்டான். அதச் சேத்திக்காதீங்க" என்றேன்.

செல்லையன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்திருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "பெரியம்மா சொல்லுதது சரிதான். எங்க வீட்டுலயும் பேச்சு முடியாமச் சாப்பிட மாட்டாக" என்று எனக்காகச் சொன்னான். அதற்குப் பிறகு அவன் ஒரு வேடிக்கையும் பேசவில்லை. சீக்கிரம் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டான்.

கிளம்பும்போது வள்ளியம்மாள் வாசல் வரைக்கும் வந்தாள். தெளிவான படத்தை என் பையில் வைத்தாள். "பொண்ணுகிட்ட ரெண்டையும் காட்டுங்க" என்றாள்.

நாலாம் நாள் இறக்கம். போகும்போது முக்கிக்கொண்டு ஏறிய பஸ் வரும்போது ஓடியது. மஞ்சு விலகி, வெயில் முகத்தில் அடித்ததும் ஊர் நெருங்கியது தெரிந்தது.

"அம்மா, அண்ணன்கிட்ட நான் சாப்பிட்டதச் சொல்லிராதீங்க" என்றான் சின்னவன்.

"தெரிஞ்சேதான் ஒக்காந்தயா?"

"மில்லுல தெனமும் அப்பிடித்தாம்மா. பக்கத்துல யாருன்னு யாரு பாக்கறா?"

பதினொரு வருடமாக மில்லில் இருந்து என் வீட்டுக்கு வந்து போகிறான். நான் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பெரியவன், "வீடு எப்பிடீம்மா?" என்று கேட்டான். வீடு நல்லா இருக்கு, பையனுக்கு வயசு இருபத்தாறேதான் என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்லவில்லை. கொட்டாய்ப் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்தேன். எண்ணினால் சிரட்டை நாலு இருக்கிறது. ஒன்று கேமராவுக்கும் மறைவில் இருந்திருக்கிறது. எடுத்து எறிந்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எறியவில்லை. பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

ருக்மணி, வாயால் சொல்ல முடியாததால்தான் பன்னிரண்டு நாளாக உட்கார்ந்து இதை எழுதினேன். அங்கே வழக்கத்தைச் சொல்லித்தான் சாப்பிடாமல் இருந்தேன். அது பொய். செல்லையன் உட்கார்ந்த பந்தி என்பதால்தான் நான் உட்காரவில்லை. என் வயதுக்கு ஒரு சின்னப் பையன் என்னைக் காப்பாற்றிப் பேச வேண்டி வந்தது.

உன் அப்பனிடம் முதலில் சொன்னால் அவன் ஒரே சொல்லில் முடித்துவிடுவான். அதனால் உன்னிடம் கொடுக்கிறேன். வள்ளியம்மாள் கொடுத்த படம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. இன்னொன்று உன் புத்தகத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும். வேண்டாம் என்றால், உன் பேர் வெளியே வராமல் நான் முடித்துக்கொடுக்கிறேன். சரி என்றால் உன் அப்பனை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நீ சரி என்றால், அந்த வீட்டில் செல்லையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் கை நனைக்க வேண்டிய ஆள் நான்தான். அது தெரிந்துதான் கொடுக்கிறேன்.

உன் அப்பன் காட்டில் இருந்து வர இன்னும் நேரம் இருக்கிறது. வா, இப்படி உட்கார். முதல் வரியில் இருந்து சத்தமாகப் படி, நான் கேட்கிறேன்.